1912 குடியரசுக் கட்சி முதனிலைத் தேர்தலும் ரூஸ்வெல்ட் – டாஃப்ட் பூசலும்

அமெரிக்க ஐக்கிய நாடுகளில் ஒரு கட்சி தன் குடியரசுத் தலைவர் வேட்பாளரை முடிவு செய்வதற்கு முன், மாநிலங்களில் அக்கட்சியின் வாக்காளர்களிடையே நடத்தப்படும் தேர்தல் முதனிலைத் தேர்தல் எனப்படும். 1912ஆம் ஆண்டில்தான் இது முதன்முறையாகப் பெரிய அளவில் நடந்தது. அவ்வாண்டிலேயே ஆளும் குடியரசுக் கட்சி இரண்டாக உடைந்தது. பதவியிலிருந்த தலைவர் வில்லியம் ஹோவர்ட் டாஃப்டும், அவரை அப்பதவிக்குக் கொண்டுவந்த முன்னாள் தலைவர் தியோடர் ரூஸ்வெல்ட்டும் ஊர் ஊராகச் சென்று ஒருவரையொருவர் ஏசினர். இந்த ஏச்சுப் பேச்சுகளே உடைவுக்குக் காரணம் என்று சொல்லப்படுவதுண்டு. ஆனால் யார் வென்றார் என்பதை எந்தக் கணக்கைக் கொண்டு தீர்மானிப்பது என்ற சிக்கலே கட்சியை உடைத்தது. ஏச்சுகள் சமரசத்துக்கு இருந்த வழியை அடைத்தன.

நட்பும் விரிசலும்

டாஃப்ட் ரூஸ்வெல்ட்டின் அமைச்சரவையில் போர்த்துறைச் செயலாளராக இருந்தவர். 1908இல் தாம் மீண்டும் போட்டியிடாமல் ஒதுங்கிய ரூஸ்வெல்ட், டாஃப்டைத் தம் வாரிசாகக் கைகாட்டினார். அவர் பதவியேற்றதும் ஆப்பிரிக்காவுக்கு வேட்டையாடப் புறப்பட்டார். 1910 ஜனவரியில், ரூஸ்வெல்ட்டின் நெருங்கிய நண்பரும் வனத்துறைத் தலைவருமான கிஃபர்ட் பின்ஷோவை டாஃப்ட் பதவிநீக்கம் செய்தார். 1911 அக்டோபரில் டாஃப்டின் அரசு யூ.எஸ். ஸ்டீல் நிறுவனத்தின் மீது வழக்குத் தொடுத்தது. 1907 நிதி நெருக்கடியின்போது அந்நிறுவனம் டென்னசி நிலக்கரி, இரும்பு நிறுவனத்தை வாங்க இசைந்தவர் ரூஸ்வெல்ட். அவர் அப்போது ஏமாற்றப்பட்டார் என்ற பொருள்பட வழக்கு மனு அமைந்திருந்தது. கொள்கை வேறுபாட்டைவிட இந்த அவமதிப்புதான் அவரை அதிகம் சுட்டது எனலாம்.

1912 பிப்ரவரியில் ரூஸ்வெல்ட் போட்டியில் இறங்கினார். கட்சி அமைப்பு முழுவதும் டாஃப்டின் கையில் இருந்தது. ஆகவே அவருக்கு எஞ்சியிருந்த வழி வாக்காளர்களிடம் நேரே செல்வதுதான்.

மேடைப் போர்

முதலில் டாஃப்ட் பெயர் குறிப்பிடாமல்தான் தாக்கினார். லிங்கன் பிறந்தநாளில் பேசும்போது, தீவிரச் சீர்திருத்தம் கோருவோரை நரம்புத் தளர்ச்சிக்காரர்கள் என்ற பொருளில் சாடினார். யாரைச் சொல்கிறார் என்பது எல்லோருக்கும் விளங்கியது. ரூஸ்வெல்ட்டின் பதிலில் மறைவு ஏதும் இல்லை. டாஃப்டை மரமண்டை என்றார். கினிப்பன்றியைவிடக் குறைந்த மூளை உடையவர் என்றும் சொன்னார். டாஃப்ட் அவரை மக்களைத் தூண்டிவிடும் வாய்ச்சொல் வீரர், ஆபத்தான தற்பெருமைக்காரர் என்றார். மூலையில் மாட்டிய எலிகூடத் திருப்பிக் கடிக்கும் என்று மேரிலாந்தில் பேசி, தம்மைத் தாமே எலியாக்கிக்கொண்டார்.

இந்த வசவுகளைவிடக் கூர்மையானது 1912 ஏப்ரல் 25 அன்று பாஸ்டனில் டாஃப்ட் ஆற்றிய உரை. கனடாவுடனான வணிக உடன்பாட்டை ஆதரித்து ரூஸ்வெல்ட் தமக்குத் தனிப்பட்ட முறையில் எழுதிய கடிதத்தை அவர் மேடையில் வெளியிட்டார். அதே உடன்பாட்டை ரூஸ்வெல்ட் இப்போது எதிர்த்துப் பேசிக்கொண்டிருந்தார். அடுத்த நாளே, தனிக் கடிதத்தை அம்பலப்படுத்துவது பண்பாளர் செய்யும் செயலல்ல என்று ரூஸ்வெல்ட் சீறினார். பாஸ்டன் உரைக்குப் பின் ரயில் பெட்டியில் தலையைக் கைகளில் புதைத்து உட்கார்ந்திருந்த டாஃப்டைச் செய்தியாளர் ஒருவர் கண்டார். ரூஸ்வெல்ட் தம் மிக நெருங்கிய நண்பர் என்று சொல்லி டாஃப்ட் அழுதார்.

இருவருக்கும் இராணுவ உதவியாளராகப் பணியாற்றிய ஆர்ச்சிபால்ட் பட், எந்தப் பக்கம் நிற்பது என்று தெரியாமல் உடல்நலம் குன்றி, விடுப்பில் ஐரோப்பா சென்றிருந்தார். திரும்பும் வழியில் டைட்டானிக் கப்பலோடு மூழ்கினார். பாஸ்டன் உரைக்குப் பத்து நாள் முன்பு நடந்தது அது.

பதவியிலிருக்கும் தலைவர் ஒருவர் தம் கட்சியின் வேட்பாளராவதற்காக முதனிலைத் தேர்தலில் ஊர்சுற்றி வாக்குக் கேட்டது இதுவே முதல் முறை. பலன் கிட்டவில்லை. டாஃப்டின் சொந்த மாநிலமான ஒஹையோவையே ரூஸ்வெல்ட் கைப்பற்றினார். முதனிலைத் தேர்தல்களில் ரூஸ்வெல்ட்டுக்கு ஏறத்தாழ 11.6 இலட்சம் வாக்குகளும் டாஃப்டுக்கு 7.6 இலட்சத்துக்குச் சற்று அதிகமான வாக்குகளும் கிடைத்தன. மூன்றாமவரான விஸ்கான்சின் செனட்டர் ராபர்ட் லா ஃபோலெட் 3 இலட்சத்துக்கு மேல் பெற்றார்.

சிகாகோ மாநாடு

ஆனால் பெரும்பாலான மாநிலங்களில் முதனிலைத் தேர்தலே இல்லை. அங்கெல்லாம் கட்சிக்காரர்கள் கூடிப் பேராளர்களை அனுப்பினர். குறிப்பாகத் தென்மாநிலங்களில் குடியரசுக் கட்சிக்கு வாக்காளர்கள் மிகக் குறைவு, பேராளர்களோ ஏராளம். அவர்களில் பலர் அஞ்சலகத் தலைவர் போன்ற கூட்டரசு வேலையில் இருந்தவர்கள், ஆட்சியில் இருப்பவர் சொன்னபடி வாக்களிப்பவர்கள். 1908இல் இதே பேராளர்களைக் கொண்டுதான் ரூஸ்வெல்ட் டாஃப்டை வேட்பாளராக்கினார். அப்போது அவருக்கு அது முறைகேடாகத் தெரியவில்லை.

மாநாட்டில் மொத்தம் 1,078 பேராளர்கள். வெற்றிக்கு 540 வேண்டும். 254 இடங்கள் மீது தகராறு எழுந்தது. டாஃப்ட் ஆதரவாளர்கள் நிறைந்த தேசியக் குழு 235 இடங்களை டாஃப்டுக்கும் 19 இடங்களை மட்டும் ரூஸ்வெல்ட்டுக்கும் கொடுத்தது. ரூஸ்வெல்ட் தரப்பின் புகார்களிலும் பல வெறும் எண்ணிக்கைக்காகப் போடப்பட்டவை. ஆயினும் சில பத்து இடங்களாவது நியாயமாக அவருக்குச் சேர வேண்டியவை என்பது பிற்கால ஆய்வாளர் பலரின் கருத்து.

ஜூன் 18 அன்று மாநாடு கூடியபோது மேடையைச் சுற்றித் தொங்கவிட்ட அலங்காரத் துணிகளுக்குள் முள்வேலி மறைந்திருந்தது. ரூஸ்வெல்ட்டின் அமைச்சரவையில் இருந்த எலிஹு ரூட், டாஃப்ட் தரப்பின் ஆளாக 558 வாக்குகள் பெற்று மாநாட்டுத் தலைவரானார். சாலை உருளை தங்களை நசுக்குகிறது என்று காட்டுவதற்காக, ரூஸ்வெல்ட்டின் ஆட்கள் உப்புத்தாள்களை உரசியும் ஊதல் ஊதியும் ஒலியெழுப்பினர். இறுதியில் டாஃப்ட் 561 வாக்குகளுடன் வேட்பாளரானார். முந்நூறுக்கு மேற்பட்ட பேராளர்கள் அவையில் இருந்தபடியே வாக்களிக்க மறுத்தனர். சமரசமாக மூன்றாவது ஒருவரை நிறுத்தலாம் என்ற பேச்சும் எழுந்தது. திருடன் என்றும் கலகக்காரன் என்றும் நாடு முழுதும் கேட்கப் பேசிவிட்ட பிறகு எந்தத் தரப்பும் இறங்கிவரவில்லை.

விளைவு

ஆகஸ்டில் ரூஸ்வெல்ட் முற்போக்குக் கட்சியைத் தொடங்கினார். நவம்பரில் சனநாயகக் கட்சியின் உட்ரோ வில்சன் 41.8 விழுக்காடு வாக்குகளைக் கொண்டே 48 மாநிலங்களில் 40ஐ வென்றார். 1908இல் தோற்ற பிரையன் பெற்றதைவிட அவர் பெற்ற வாக்குகள் குறைவு. தேர்வாளர் வாக்குகள் வில்சனுக்கு 435, ரூஸ்வெல்ட்டுக்கு 88, டாஃப்டுக்கு 8. யூட்டாவும் வெர்மாண்டும் மட்டுமே டாஃப்டுக்கு மிஞ்சின.

1918 மே மாதம் சிகாகோவின் பிளாக்ஸ்டோன் விடுதிக்கு வந்த டாஃப்ட், ரூஸ்வெல்ட் அங்கே உணவுக்கூடத்தில் தனியாக இருப்பதை அறிந்து நேரே அவரது மேசைக்குச் சென்றார். ரூஸ்வெல்ட் எழுந்து கைகொடுக்க, சுற்றிலும் உண்டுகொண்டிருந்தவர்கள் கைதட்டினர். எட்டு மாதத்துக்குள், 1919 ஜனவரி 6 அன்று, ரூஸ்வெல்ட் காலமானார். ஆய்ஸ்டர் பே ஊரில் நடந்த அடக்கத்துக்கு டாஃப்டும் வந்திருந்தார்.