மடிக்கணினிக்கு ஒரு மேசை

கழுத்து வலிக்கும் மணிக்கட்டு வலிக்கும் ஒரு வரலாறு உண்டு. இத்தாலிய மருத்துவர் பெர்னார்தினோ ரமசீனி, எழுத்தர்களின் நோய்களுக்கு மூன்று காரணங்களை 1713இல் எழுதினார்: ஓயாமல் உட்கார்ந்திருப்பது, கையை ஒரே விதமாக அசைப்பது, மனத்தின் மீதான சுமை. அந்த எழுத்தர்கள் ஆண்கள். அவர்களுடைய வலி தொழில்நோயாகப் பதிவானது. 1980களில் ஆஸ்திரேலியாவில் விசைப்பலகை முன் அமர்ந்த பெண்கள் கை வலிக்கிறது என்றபோது, மருத்துவர்களில் ஒரு சாரார் அதை ஹிஸ்டீரியா என்றனர். வலி சொன்ன உடல் பெண்ணுடையதானதும் நோய்க்கு வேறு பெயர் வந்தது.

தமிழ்நாட்டு அரசின் விலையில்லா மடிக்கணினித் திட்டம் 2011இல் தொடங்கியது. ஸ்ரீமுஷ்ணம் போன்ற சிற்றூர்களில் பல வீடுகளுக்கு முதல் கணினி மாணவியின் கையோடுதான் வந்தது. மேசையும் நாற்காலியும் உடன் வரவில்லை. பாய், கட்டில், பெயருக்கேற்ப மடி என்று கிடைத்த இடத்தில் அது அமர்ந்தது. 2020 பொதுமுடக்கத்தில் வகுப்பும் அலுவலகமும் வீட்டுக்குள் நுழைந்தபோது, இருக்கும் ஒரே மேசை யாருக்கு என்ற கேள்வியும் நுழைந்தது.

மடிக்கணினியில் திரையும் விசைப்பலகையும் ஒட்டியே இருக்கின்றன. கைக்கு ஏற்ற உயரத்தில் வைத்தால் கழுத்து குனிகிறது. கண்ணுக்கு ஏற்ற உயரத்தில் வைத்தால் தோள் தூக்குகிறது. இரண்டையும் பிரிப்பதே வழி. புத்தகங்களை அடுக்கித் திரையின் மேல்விளிம்பைக் கண்மட்டத்துக்கு உயர்த்தலாம். தனி விசைப்பலகை முழங்கை மட்டத்தில் இருக்கட்டும்; திரை ஒரு கை தூரத்தில் இருக்கட்டும். பாதம் தரையில் படியவேண்டும், எட்டாவிட்டால் ஒரு பலகை போதும். 20 நிமிடத்துக்கு ஒருமுறை, 20 அடிக்கு அப்பால் 20 விநாடி பார்ப்பது கண்ணுக்கு இதம். அவ்வப்போது எழுந்து நடக்கவும் வேண்டும். ஆனால் எழுந்து நேராக அடுப்படிக்குப் போவது ஓய்வாகாது.

கோழிக்கோட்டுக் கடைகளில் நின்றே வேலை செய்த பெண்கள் உட்காரும் உரிமை கேட்டுப் போராடினார்கள். 2018இல் கேரளமும் 2021இல் தமிழ்நாடும் கடை ஊழியர்களுக்கு இருக்கை தரவேண்டுமெனச் சட்டத்தைத் திருத்தின. வீட்டு வாசலுக்குள் அந்தச் சட்டம் வருவதில்லை. அங்கே பெண்தான் கேட்டுப் பெறவேண்டும்.

தரையில் இருந்த அடுப்பு மேடைக்கு ஏறியபோது அதை யாரும் ஆடம்பரம் என்று சொல்லவில்லை, அது சமையலுக்காக. அவள் படிப்பதற்கும் சம்பாதிப்பதற்கும் எழுதுவதற்கும் அதே உயரம் வேண்டும்.