ஏரியில் கிடந்த புகாட்டி

பழுதுற்ற பழம்பொருளைக் காணுங்கால், அதனைப் புதுக்கிப் பழைய பொலிவோடு நிறுத்திவிட வேண்டும் என்னும் ஆவல் எவருக்கும் எழுவதே. பழைய மோட்டார் கார்களைத் தேடித் திரட்டுவோரிடம் இவ்வாவல் சற்று மிகுதி. கொட்டகையில் தூசு மூடிக் கிடந்த வண்டியைப் பிரித்து, துரு நீக்கி, வண்ணம் பூசி, மீண்டும் சாலையில் ஓடவிடும் நாளே அவர்களுக்குத் திருநாள். ஆயின், எல்லாப் பழைய வண்டிகளையும் அவ்வாறு புதுக்குதல் தகுமா? இவ்வினாவைக் கூர்மையாக எழுப்பிய வண்டியொன்று 2009-ஆம் ஆண்டு சுவிட்சர்லாந்தின் மஜோரே ஏரியிலிருந்து வெளிப்பட்டது.

அது 1925-இல் செய்யப்பட்ட புகாட்டி. மிலான் நகரில் பிறந்த எத்தோரே புகாட்டி, அல்சாஸ் பகுதியில் உள்ள மோல்சைம் என்னும் சிற்றூரில் 1909-இல் தொழிற்சாலை தொடங்கினார். 1921-இல் பிரேசியா நகரத்துப் பந்தயத்தில் அவருடைய சிறிய கார்கள் முதல் நான்கு இடங்களையும் பெற்றன. பதினாறு வால்வுகளும் ஏறத்தாழ ஒன்றரை லிட்டர் கொள்ளளவும் உடைய அவ்வகை எஞ்சின் பூண்ட கார்களுக்கு அது முதல் ‘பிரேசியா’ என்னும் பெயரே நிலைத்தது. ஏரியில் கிடந்ததும் அவ்வகையினதே.

கார் ஏரிக்குள் போனது எப்படி? பந்தய வீரர் ரெனே திரைஃபஸ் சீட்டாட்டத்தில் அதனைத் தோற்றார் என்றும், வென்றவர் எல்லையில் சுங்கவரி கட்ட இயலாமல் விட்டுச் சென்றார் என்றும் ஒரு கதை வழங்குகிறது. கேட்கச் சுவையானது, அச்சுவையே ஐயத்திற்கும் இடம் தருகிறது. அஸ்கோனா நகரில் வாழ்ந்த கட்டடக் கலைஞர் ஒருவர் வரி கட்டாமல் வைத்திருந்த வண்டி அது என்பது மற்றொரு கூற்று. இரண்டிலும் பொதுவாக நிற்பது சுங்கவரி ஒன்றே. 1930-களின் நடுவில் வண்டியைச் சங்கிலியில் பிணைத்து நீருக்குள் இறக்கினர். பின்னர் சங்கிலி அரித்து அறுந்தது; வண்டி 53 மீட்டர் ஆழத்திற்குச் சென்றது.

1967 ஆகஸ்டில் நீர்மூழ்கி வீரர் ஒருவர் அதனைக் கண்டுபிடித்தார். அதன்பின் நாற்பதாண்டுகளுக்கும் மேலாக, மூழ்குவோர் சென்று கண்டு திரும்பும் காட்சிப் பொருளாகவே அது இருந்தது. வெளியே எடுக்க வைத்தது ஒரு துயரம். 2008-இல் அருகிலுள்ள லொக்கார்னோ நகரத்துத் திருவிழாவில் இளைஞர் ஒருவர் அடித்துக் கொல்லப்பட்டார். அவர் பெயரால் இளைஞரிடையே வன்முறையைத் தடுக்க ஓர் அறக்கட்டளை எழுந்தது. அதற்குப் பொருள் திரட்டவே அஸ்கோனாவின் நீர்மூழ்கிக் கழகத்தார் 2009 ஜூலை 12 அன்று வண்டியைக் கரையேற்றினர்.

சேற்றில் புதைந்திருந்த பக்கம் ஓரளவு தப்பியிருந்தது. நீரை நோக்கியிருந்த பக்கமோ அரித்துச் சல்லடையாகியிருந்தது. மீண்டும் பயன்படக்கூடிய உறுப்புகள் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கே என மதிப்பிட்டனர். எனினும் 2010 ஜனவரியில் பாரிசில் நடந்த ஏலத்தில், 70,000 முதல் 90,000 யூரோ வரை போகும் என எதிர்பார்த்த அவ்வண்டி 2,60,500 யூரோவுக்கு விற்றது. வாங்கியவர் கலிபோர்னியாவின் பீட்டர் மல்லின்.

அவர் அதனைப் புதுக்கவில்லை. புதுக்கியிருந்தால் ஐந்தில் நான்கு பங்கு இன்றைய பட்டறையில் வார்த்ததாகவே இருந்திருக்கும். பழைய எண்ணைத் தாங்கிய புதிய வண்டியொன்று ஓடியிருக்கும். ஏடு செல்லரித்த இடத்தில் புள்ளியிட்டு நிறுத்தும் பதிப்பாசிரியரும், தம் சொல்லைச் செருகிப் பாட்டை நிறைவு செய்பவரும் ஒருவராகார். ஊகம் தொடங்கும் இடத்தில் சீரமைப்பு நின்றுவிட வேண்டும் என்று பழங்கட்டடங்களுக்கு 1964-இல் வெனிஸ் சாசனம் விதித்தது. அதனைப் பின்பற்றிப் பழைய ஊர்திகளுக்கென 2012-இல் தூரின் சாசனம் ஏற்கப்பட்டது.

மறுதரப்பையும் எளிதில் தள்ளிவிட முடியாது. கார் ஓடுவதற்கென்றே பிறந்தது. ஓடாத எஞ்சினின் ஒலியை எந்தக் காட்சியகமும் காட்டித் தராது. மேலும், ‘கிடந்தபடியே விடுதல்’ என்பதும் சும்மா இருத்தல் அன்று. நீருக்குள் நெடுங்காலம் கிடந்த இரும்பு காற்றுப் பட்டதும் விரைந்து துருவேறும். அதனைத் தடுத்துக்கொண்டே இருத்தல் வேண்டும்.

மல்லின் புதுக்குதலுக்குப் பகைவரும் அல்லர். 1939-ஆம் ஆண்டின் புகாட்டி அடிச்சட்டம் ஒன்று கூண்டு இன்றி அவர் கைக்கு வந்தபோது, அதற்குப் புதுக்கூண்டு செய்வித்தார். 2012-இல் அதனை மக்களுக்குக் காட்டுகையில் சட்டத்தோடு பொருத்தாமல், அதற்கு மேலே தொங்கவிட்டார். பழையது எது, புதியது எது என்பதைப் பார்ப்பவர் ஒரே நோக்கில் அறிந்துகொண்டனர். ஏரியின் புகாட்டியோ, ஆக்ஸ்நார்டு நகரில் இருந்த அவருடைய அருங்காட்சியகத்தில், துருவும் ஓட்டையுமாக, நீருக்குள் கிடந்த கோலத்திலேயே வைக்கப்பட்டது. மல்லின் 2023-இல் மறைந்தார். 2024 பிப்ரவரியில் அவ்வருங்காட்சியகமும் மூடப்பட்டது.