கைநூற்புக் கம்பளி நூல்: கழுவுதலும் உலர்த்தலும்

தக்ளியிலோ ராட்டையிலோ நூற்ற ஆட்டுரோம நூலை வெந்நீரில் ஊறவைத்து, அலசி, நிழலில் உலர்த்துவது கம்பளிக் கைநூற்பின் கடைசிக் கட்டம். அழுக்கும் கொழுப்பும் நீங்குவதோடு நூலின் முறுக்கு படிவதும் இதில்தான். கழுவாத நூலால் பின்னிய ஆடை முதல் சலவையிலேயே அளவு மாறக்கூடும்.

இழையின் இயல்பு

கம்பளி இழை கெரட்டின் என்னும் புரதத்தால் ஆனது. இழை நனையும்போது அதன் ஹைட்ரஜன் பிணைப்புகள் தளர்கின்றன. உலரும்போது அப்போதைய வடிவத்திலேயே மீண்டும் அமைகின்றன. முறுக்கு படிவதற்கு இதுவே காரணம். மீண்டும் நனைந்தால் இந்தப் படிவு தளரும். அதனால் மிகை முறுக்குள்ள ஒற்றைப் புரி நூலைக் கழுவி மட்டும் சரிசெய்ய முடியாது. இரண்டு புரிகளை எதிர்த்திசையில் சேர்த்து முறுக்கினால்தான் சமநிலை வரும்.

இழையின் மேற்புறச் செதில்கள் நுனியை நோக்கியிருப்பதால், ஈரத்திலும் சூட்டிலும் அலைக்கழிக்கும்போது இழைகள் வேர்ப்பக்கமாகவே நகர்ந்து சிக்கிக்கொள்கின்றன. அப்படி இறுகிய நூலை மீட்க முடியாது.

கழுவும் முறை

நூலைச் சிட்டமாகச் சுற்றி, நான்கைந்து இடங்களில் பருத்தி நூலால் தளர்வாகக் கட்டுவார்கள். உரோமக் கொழுப்பான லானோலின் சுமார் 40 டிகிரி செல்சியஸில் உருகும். ஆகவே கொழுப்பு நீக்காமல் நூற்ற நூலுக்கு 60 டிகிரியை ஒட்டிய வெந்நீர் தேவை. நீர் ஆறும்வரை விட்டால் கரைந்த கொழுப்பு மறுபடி இழையில் ஒட்டும். சலவைச் சோடா போன்ற காரங்கள் கெரட்டினைச் சிதைப்பதால் மென்மையான சோப்புநீர் ஏற்றது. வட இந்தியாவில் பூந்திக்கொட்டைச் சாறும் பயன்படுகிறது. சிட்டத்தை நீரில் அமிழ்த்தி வைத்தாலே போதும், கசக்கக் கூடாது.

உலர்த்துதல்

ஈரக் கம்பளி வலுக்குறைந்தது. எனவே முறுக்கிப் பிழியாமல், துண்டில் சுருட்டி அழுத்தி நீரை எடுப்பார்கள். பின்பு சிட்டத்தை இரு கைகளிலும் மாட்டிச் சுண்டி இழுத்தால் முறுக்கு சீராகப் பரவும். நேர்வெயில் நூலை மஞ்சளாக்கும் என்பதால் நிழலும் காற்றோட்டமும் உள்ள இடத்தில் தொங்கவிடுவது வழக்கம். கம்பளி தன் எடையில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு ஈரத்தைக் கைக்குத் தெரியாமலே பிடித்துவைக்கும். தொட்டுப் பார்த்து மட்டும் உலர்ந்ததாக முடிவுசெய்ய இயலாது. எடை கட்டித் தொங்கவிட்டால் நூல் நீண்டு நேராகும், ஆனால் அடுத்த நனைப்பில் சுருங்கும். பின்னல் நூலுக்கு இது ஆகாது.

வேறுபாடுகள்

இழைகளை ஒரே போக்கில் சீவி நூற்ற வழுவழுப்பான வொர்ஸ்டட் நூலை அலைக்காமல் கழுவ வேண்டும். இழைகள் பல திசைகளில் கிடக்க நூற்ற பஞ்சுத்தன்மையுள்ள நூலையோ, வேண்டுமென்றே சற்று அலைத்து, தட்டி, இழைகள் ஒன்றையொன்று பற்றும்படி செய்வதுண்டு. மழையைத் தாங்கவேண்டிய மேலாடைக்கான நூலை வெதுவெதுப்பான நீரில் மட்டும் அலசி, லானோலினில் ஒரு பகுதியை விட்டுவைப்பார்கள்.