தட்டினா விட்டுடணும்

நாற்பத்திரண்டு வயசில் ஒரு மனுஷன் வெள்ளை பெல்ட்டைக் கட்டிக்கொண்டு, தன் வயசில் பாதிகூட ஆகாத பையனிடம் கழுத்தைக் கொடுத்து, மூச்சு முட்டி, அவன் தோளில் பட் பட்டென்று தட்டுவது அவ்வளவு கௌரவமான காட்சி இல்லை. 2022-ல் அபுதாபியில் அதைத்தான் செய்தேன். மகனை ஜியு-ஜிட்சு வகுப்பில் சேர்க்கப் போன இடத்தில், "அப்பாவும் வரலாமே" என்றார் பிரேசில்காரக் கோச். முதல் நாள் ஒரு மணி நேரத்தில் பதினோரு முறை தட்டினேன். ஓரமாக உட்கார்ந்து எண்ணிக்கொண்டிருந்தவன் என் மகன் :-)

தெரியாதவர்களுக்காக: பிரேசிலியன் ஜியு-ஜிட்சுவில் குத்து, உதை கிடையாது. கட்டிப் பிடித்துத் தரையில் சாய்த்து, எதிராளியின் கையையோ காலையோ கழுத்தையோ பூட்டுவதுதான் ஆட்டம். பூட்டு விழுந்துவிட்டால், மாட்டியவர் எதிராளி உடம்பிலோ தரையிலோ தட்ட வேண்டும். தட்டிய அந்த நொடியே பூட்டுப் போட்டவர் விட்டுவிட வேண்டும். சின்ன வயசில் தெருவில் விளையாடும்போது 'டைம் ப்ளீஸ்' சொன்னால் விட்டுவிடுவோமே, அதே சமாச்சாரம்தான். அன்று கோச் எங்களுக்குச் சொல்லித் தந்த முதல் பாடமும் இதுதான்.

இந்தத் தட்டுக்குப் பின்னால் நூறு வருஷத்துக்கு மேற்பட்ட சரித்திரம் இருக்கிறது. அதைச் சொல்லும் முன் கொஞ்சம் கொசுவத்தி சுற்ற வேண்டும்.

நான் மர்பி டவுன்காரன். பெங்களூரில் அல்சூருக்கும் இந்திராநகருக்கும் நடுவில் இருக்கிற ஏரியா. பழைய பெயர் நாக்ஸ்பேட்டை. வெள்ளைக்காரன் காலத்தில் கன்டோன்மென்ட்டின் நெரிசலைக் குறைக்க, நேர்நேரான தெருக்களும் சின்னச் சின்ன வீடுகளுமாகப் போட்ட குடியிருப்பு. மர்பி என்பது அதைக் கட்டிய எஞ்சினியர் பெயர். 1809-ல் கன்டோன்மென்ட் வந்தபோது, மதராஸ் பட்டாளத்தின் பின்னால் சிப்பாய்களாக, கொத்தனார்களாக, சமையல்காரர்களாக, வியாபாரிகளாகத் தமிழர்கள் வந்து சேர்ந்தார்கள். அந்த வரிசையில் வந்த குடும்பம்தான் எங்களுடையதும். புலம்பெயர்ந்தவன் என்ற பட்டம் எனக்கு அபுதாபி கொடுத்ததில்லை. என் பாட்டனுக்குப் பாட்டன் காலத்திலேயே வாங்கியாச்சு.

1991 டிசம்பரில் எனக்குப் பதினொரு வயசு. காவிரி நடுவர் மன்றத்தின் இடைக்காலத் தீர்ப்பு மத்திய அரசிதழில் வந்ததை ஒட்டி பெங்களூரில் கலவரம் வெடித்தது. தமிழர் வீடுகளும் கடைகளும் தாக்கப்பட்டன, உயிர்களும் போயின. எங்கள் வீட்டுக்கு ஒன்றும் ஆகவில்லை. ஏனென்றால் எதிர் வீட்டுக் கன்னடக்கார அங்கிள் இரண்டு ராத்திரி எங்கள் வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். அம்மா டீ போட்டுக் கொடுத்துக்கொண்டே இருந்தாள்.

அடுத்த மாதம் அப்பா என்னைக் கராத்தே வகுப்பில் சேர்த்தார். "அடிக்க வேணாம், ஆனா அடி வாங்கிட்டு வராதே" என்றார். புரூஸ் லீ போஸ்டர் ஒட்டாத தெரு இல்லாத காலம். எதிர் வீட்டு அங்கிளின் மகனும் என்னோடு சேர்ந்தான். அந்த வகுப்பில் தட்டு என்ற ஒன்றே இல்லை. மாஸ்டர் 'நிறுத்து' சொல்கிற வரை அடிக்கலாம். ஒரு ஞாயிற்றுக்கிழமை அவனையும் என்னையும் ஜோடி போட்டார்கள். எனக்குள் டிசம்பர் முழுக்க அடைந்து கிடந்தது. யார் மேல் கோபம் என்று தெரியாத கோபம். அவன் கையைத் தூக்கிப் போதும் என்று காட்டினான். எனக்குத் தெரிந்தது. நிறுத்தவில்லை. மூக்கில் ரத்தம் வந்த பிறகுதான் மாஸ்டர் நிறுத்தினார். "சபாஷ்" என்றும் சொன்னார். அவன் அதற்குப் பிறகு வகுப்புக்கு வரவில்லை. எங்கள் வாசலில் இரண்டு ராத்திரி உட்கார்ந்திருந்தவருடைய மகன் அவன்.

சரி, சரித்திரத்துக்கு வருவோம்.

1882-ல் டோக்கியோவில் ஜிகோரோ கானோ என்ற இளம் ஆசிரியர், எய்ஷோஜி என்ற புத்தர் கோயிலில் ஓர் அறையைப் பிடித்து ஒரு பள்ளி ஆரம்பித்தார். பெயர் கோடோகான். மொத்த இடம் 12 பாய். ஜப்பானில் அறையைப் பாய்க் கணக்கில்தான் அளப்பார்கள். நம்ம கணக்கில் 200 சதுர அடிக்குக் கொஞ்சம் மேலே, அவ்வளவுதான். முதல் வருஷ மாணவர்கள் 9 பேர். இன்றைக்கு உலகம் பூராவும் நடக்கிற ஜூடோ அங்கே ஆரம்பித்ததுதான்.

கானோ பழைய ஜுஜுட்சுப் பள்ளிகளில் படித்தவர். எதிரியை முடமாக்குகிற வித்தைகள் அங்கே நிறைய உண்டு. ஆபத்தானவற்றைப் பயிற்சி ஆட்டத்திலிருந்து அவர் விலக்கி வைத்தார். அப்படிச் செய்தால் வித்தை பலவீனமாகிவிடும் என்றுதான் யாருக்கும் தோன்றும். நடந்தது நேர் எதிர். கண்ணைக் குத்துகிற வித்தையை நண்பன் மேல் முழு வேகத்தில் பழக முடியாது, பாவனைதான் செய்ய முடியும். தூக்கிப் போடுவதையும் பூட்டுவதையும் தினமும், முழு பலத்தோடு, முரண்டு பிடிக்கிற ஆளிடமே பழகலாம். தட்டினால் விட்டுவிடுவான் என்று நிச்சயமாகத் தெரிந்தால் மட்டும். அந்த நிச்சயம் இருந்ததால் ஒருவன் ஒரே மாலையில் பத்து தடவை தோற்று, மறுநாளும் வர முடிந்தது. 'பரஸ்பர நன்மை' என்பதைக் கானோ தன் பள்ளியின் கொள்கையாகவே வைத்தார். அவர் தொழிலால் ஆசிரியர். வாத்தியார் மூளை அது.

இந்த வித்தை இந்தியாவுக்கும் வந்திருக்கிறது என்பது நம்மில் பலருக்குத் தெரியாது. தாகூர் 1905-லேயே சானோ என்ற ஜப்பானிய ஆசிரியரை சாந்திநிகேதனுக்கு வரவழைத்தார். பிறகு 1929-ல் ஷின்சோ தகாகாகி வந்தார். பெண் பிள்ளைகளும் கற்றார்கள். பொருளாதார மேதை அமர்த்தியா சென்னின் அம்மா அமிதா சென் அங்கே ஜூடோ கற்றவர். புடவைக் காலத்து வங்காளத்தில் இது சாதாரண விஷயமா?

பிரேசிலுக்கு இதைக் கொண்டுபோனவர் மிட்சுயோ மயேடா. கோடோகான் மாணவர். 1904-ல் ஜப்பானை விட்டுக் கிளம்பி அமெரிக்கா, இங்கிலாந்து, ஸ்பெயின், கியூபா, மெக்சிகோ என்று மேடை மேடையாகச் சண்டை போட்டுப் பிழைத்தவர். 1914-ல் பிரேசிலில் இறங்கி, பிறகு அமேசான் முகத்துவாரத்தில் உள்ள பெலேம் நகரில் தங்கிவிட்டார். பின்னால் அந்தப் பக்கம் குடியேறிய ஜப்பானியக் குடும்பங்களுக்கு உதவி செய்வதே அவர் வேலையாக ஆனது. 1941-ல் பெலேமிலேயே இறந்தார். ஊர் திரும்பாதவர். நம்ம ஆள் என்று தோன்றுகிறதா இல்லையா?

அவரிடமிருந்து வித்தை கார்லோஸ் கிரேசிக்குப் போனது. கிரேசி சகோதரர்கள் ரியோ டி ஜெனீரோவுக்கு வந்து பள்ளி வைத்தார்கள். கடைசித் தம்பி ஹெலியோ ஒல்லி. பலத்தைக் குறைத்து நெம்புகோல் தத்துவத்தைக் கூட்டி, தரையில் படுத்தே ஜெயிக்கிற மாதிரி அதை வளர்த்தார்கள். இதெல்லாம் பலருக்கும் தெரிந்த கதை. 1993 நவம்பரில் டென்வரில் நடந்த முதல் யூ.எஃப்.சி.யில் ஹெலியோவின் மகன் ராய்ஸ் கிரேசி ஒரே ராத்திரியில் மூன்று பேரைத் தட்ட வைத்த பிறகு உலகத்துக்கே தெரிந்த கதை.

எனக்குப் பிடித்தது அவர்கள் தோற்ற கதைகள்தான். இரண்டு சொல்கிறேன்.

1951 அக்டோபரில், ரியோவின் மரக்கானா மைதானத்தில் ஜப்பானிய ஜூடோ சாம்பியன் மசாஹிகோ கிமுராவோடு ஹெலியோ மோதினார். கிமுரா அவர் கையை முதுகுப் பக்கமாக முறுக்கிப் பூட்டினார். ஹெலியோ தட்டவில்லை. ரோஷம். கடைசியில் ஆட்டத்தை நிறுத்தியது அண்ணன் கார்லோஸ். தம்பி தட்டாததை அண்ணன் தட்டினார் என்று வைத்துக்கொள்ளுங்கள். இதன் பிறகு நடந்ததுதான் ஆச்சரியம். அந்தப் பூட்டுக்கு ஜூடோவில் ஏற்கெனவே ஒரு பெயர் உண்டு. பிரேசிலியன் ஜியு-ஜிட்சுவில் அதன் பெயர் இன்றுவரை 'கிமுரா'. தங்களைத் தோற்கடித்தவன் பெயரையே அதற்கு வைத்துவிட்டார்கள். என் மகன் வாரத்தில் மூன்று நாள் அந்தப் பெயரைச் சொல்கிறான்.

இரண்டாவது, எங்கள் கோச் வழியாகத் தெரிந்துகொண்டது. அவர் ரியோவின் வடக்குப் புறநகர்க்காரர். கிரேசிகளின் பள்ளி வசதியானவர்கள் போகிற இடமாக இருந்த காலத்தில், பென்டோ ரிபெய்ரோ என்ற தொழிலாளர் பகுதியில் ஓஸ்வால்டோ ஃபட்டா என்பவர் 1950-ல் ஒரு பள்ளி திறந்தார். அவரும் மயேடா வழி வந்தவர்தான். மயேடாவின் மாணவர் லூயிஸ் ஃபிரான்சாவிடம் கற்றவர். காசு இல்லாதவர்களுக்கு இலவசமாகச் சொல்லித் தந்தார். பூங்காவிலும் கடற்கரையிலும் வகுப்பு எடுத்தார். 1950களின் நடுவில் அவருடைய புறநகர்ப் பையன்கள் கிரேசிப் பள்ளிக்குச் சவால் விட்டு ஜெயித்தார்கள். எதனால் ஜெயித்தார்கள் என்றால், காலைப் பூட்டுகிற வித்தையால். மற்றவர்கள் அதை மட்டமாக நினைத்து, 'செருப்புத் தைக்கிறவன் வித்தை' என்று கேலி பண்ணிக்கொண்டிருந்தார்கள். அந்தச் சொல்லைக் கோச் சொன்னபோது எனக்குச் சிரிப்பு வரவில்லை. எந்தத் தொழிலின் பெயரை எதற்கு வசவாக வைப்பார்கள் என்று மர்பி டவுன்காரனுக்குப் பாடம் எடுக்க வேண்டியதில்லை. இன்று கால் பூட்டு இல்லாத பெரிய போட்டியே கிடையாது. ஃபட்டா வழியில் வந்தவர்கள் நோவா யூனியாவோ போன்ற பெரிய அணிகளிலும் இருக்கிறார்கள்.

அன்று பதிலுக்கு நானும் அவரிடம் ஒன்று சொன்னேன். எங்கள் பக்கத்து ஏரியா கவுதமபுரா. அல்சூரில் பழைய ஆட்கள் கன் ட்ரூப்ஸ் என்பார்கள். ஃபுட்பால் பைத்தியங்கள் நிறைந்த அந்த இடத்துக்கு 'மினி பிரேசில்' என்று பெயர். அங்கே தெருவிலேயே அம்பேத்கர், புத்தர், அன்னை தெரசா சிலைகளோடு பெலேவுக்கும் சிலை இருக்கிறது. கோச் நம்பவில்லை. போனில் படம் காட்டினேன். கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே இருந்தார். பிறகு வகுப்பில் எல்லோரையும் கூப்பிட்டுக் காட்டினார்.

அபுதாபிக்கு இந்த வித்தை வந்ததும் ஒரு வெளிநாட்டுப் படிப்பால்தான். ஷேக் தஹ்னூன் அமெரிக்காவில் இருந்தபோது இதைக் கற்றுப் பிடித்துப்போய், 1998-ல் இங்கே பெரிய போட்டி ஒன்றையே தொடங்கினார். 2008-ல் பள்ளிக்கூடப் பாடத்திலும் சேர்ந்தது. நூற்றுக்கணக்கான பிரேசில்காரர்கள் கோச் வேலைக்கு வந்தார்கள். 2018 ஆசிய விளையாட்டில் ஜியு-ஜிட்சு முதல்முறையாக இடம்பெற்றது.

எங்கள் மேட்டில் ஒரு சாயங்காலம் யார் யார் என்றால்: கோச் பிரேசில், என்னைத் தினமும் மூச்சு முட்ட வைக்கிற பையன் எமிராத்தி, ஒரு பிலிப்பினோ நர்ஸ், ஒரு பாகிஸ்தானி டிரைவர், ஒரு மலையாளி அக்கவுண்டன்ட், நான். ஆபீஸில் இதே ஆறு பேரும் ஒரே மேஜையில் உட்கார்ந்து சாப்பிட மாட்டோம், அது இந்த ஊர் நடைமுறை. மேட்டில் வேறு வழி இல்லை. என் முழங்கையை முறிக்கிற அளவு சாவகாசம் அந்த டிரைவருக்கு வாரத்தில் மூன்று முறை கிடைக்கிறது. நான் தட்டுகிறேன், அவர் விட்டுவிடுகிறார். அவர் தட்டுகிறார், நான் விடுகிறேன். ஆயிரம் தடவை இப்படி நடந்த பிறகு ஒரு மனிதரைப் பற்றி நமக்குத் தெரிந்துவிடுகிற ஒன்று, ஆயிரம் பேச்சில் தெரியாது. போன ரம்ஜானுக்கு அவர் அறையிலிருந்து எங்கள் வீட்டுக்குப் பிரியாணி வந்தது. என் மனைவி பாத்திரத்தைக் காலியாகத் திருப்பி அனுப்பக் கூடாது என்று கேசரி கிண்டினாள்.

குழந்தைகளை இதில் சேர்க்கலாமா என்று கேட்கிற நண்பர்களுக்கு: சேருங்கள். ஆனால் தற்காப்புக்கு என்று மட்டும் சொல்லிச் சேர்க்காதீர்கள். வகுப்பில் போய் ஒரு மணி நேரம் உட்கார்ந்து ஒன்றை மட்டும் கவனியுங்கள். ஒரு பிள்ளை தட்டும்போது மற்றப் பிள்ளை உடனே விடுகிறதா? விடாவிட்டால் கோச் ஆட்டத்தை நிறுத்திக் கேட்கிறாரா? கேட்கிற இடம்தான் பள்ளி. சுவரில் தொங்கும் மெடல்களைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

2024 லீவில் மர்பி டவுன் போயிருந்தேன். எதிர் வீட்டு அங்கிள் இப்போது இல்லை. அவர் மகன் அதே வீட்டில் மாடி எழுப்பியிருக்கிறான். மார்க்கெட் பக்கம் நின்று டீ குடித்தோம். முப்பத்திரண்டு வருஷமாகச் சொல்லாததைச் சொன்னேன். அன்று அவன் கை தூக்கியதை நான் பார்த்தேன், பார்த்தும் அடித்தேன் என்று.

"தெரியும்டா" என்றான். என்னைவிடச் சுத்தமாகத் தமிழ் பேசுவான். "நீ நிறுத்துவேன்னு நெனச்சேன்."

வேறொன்றும் சொல்லவில்லை. கிளாஸை வைத்துவிட்டு, இப்போது என்னவோ கற்றுக்கொள்கிறாயாமே என்று கேட்டான். அவன் தோளில் இரண்டு தட்டுத் தட்டிக் காட்டி, தட்டினா விட்டுடணும், அதுதான் முதல் பாடம் என்றேன்.

"இத அப்பவே சொல்லிக் குடுத்திருக்கலாம்" என்று சொல்லிவிட்டு, டீக்குக் காசை அவனே கொடுத்தான்.