தெளிந்த நீரெல்லாம் தூய நீரா?



நீரை வடிகட்டும் சோதனையை வகுப்பில் செய்துகாட்டும் போதெல்லாம், "ஐயா, இதைக் குடிக்கலாமா?" என்று என் மாணவர்கள் வினவுவர். அவ்வினாவுக்கு வரலாறு தரும் விடையை இங்கே பகிர்ந்துகொள்கிறேன்.

1892ஆம் ஆண்டு ஜெர்மனியின் ஹாம்பர்க் நகரில் காலரா பரவி 8,600க்கும் மேற்பட்டோர் மாண்டனர். அந்நகர் எல்பே ஆற்று நீரை வடிகட்டாமலே வழங்கி வந்தது. அதனை ஒட்டியிருந்த அல்டோனா நகரோ, ஹாம்பர்க்கின் கழிவும் கலந்த அதே ஆற்று நீரைக் கீழ்ப்பகுதியில் எடுத்தது. ஆயினும் மணற்படுகையில் மெல்ல வடித்து வழங்கியதால், அங்கு நோய் மிகக் குறைவாகவே கண்டது. இதனை ஆராய்ந்த ராபர்ட் கோக், மணல் வடிகட்டியின் ஆற்றலை உலகுக்கு உணர்த்தினார். 1893இல் ஹாம்பர்க்கும் நீரை வடிகட்டத் தொடங்கியது. அவ்வாண்டின் தொடக்கத்தில் கடுங்குளிரால் வடிகட்டி பழுதுபட்டபோது, அல்டோனாவிலும் காலரா தலைகாட்டியது.

மணலின் மேற்பரப்பில் நாளடைவில் படரும் உயிர்ப்படலமே கிருமிகளைப் பெரிதும் தடுக்கிறது. ஆனால், சேறு மிகுந்த ஆற்று நீர் அம்மணலை விரைவில் அடைத்துவிடும். அமெரிக்காவில் ஒஹையோ ஆற்றங்கரையிலுள்ள லூயிவில் நகரில், 1895 முதல் 1897 வரை ஜார்ஜ் புல்லர் ஆராய்ந்தது இச்சிக்கலைத்தான். களிமண் துகள்கள் எதிர்மின்னூட்டம் கொண்டவை. ஆதலால் ஒன்றையொன்று விலக்கி மிதக்கின்றன. அலுமினியச் சல்பேட்டைச் சேர்த்தால் அவ்விலக்கம் தணிந்து, துகள்கள் கூடித் திரள்கின்றன. பெருந்திரள்கள் அடியில் படிய, எஞ்சியவற்றை மணல் தடுக்கிறது. இம்முறையில் 1902இல் நியூ ஜெர்சி மாநிலத்தின் லிட்டில் ஃபால்ஸில் நிலையம் இயங்கத் தொடங்கியது.

எப்பொருளை, எவ்வளவு சேர்ப்பது என்பது நீரின் தன்மையைப் பொறுத்தது. அலுமினிய உப்பு, அமில காரத் தன்மையின் குறுகிய எல்லைக்குள்தான் நன்கு செயற்படும். இரும்பு உப்புக்கு அவ்வெல்லை அகன்றது. அளவு குறைந்தால் அழுக்குத் திரளாது. மிகுந்தால் வீணாவதோடு நீரும் கெடும். ஆகவே ஒரே நீரைப் பல குடுவைகளில் ஊற்றி, வெவ்வேறு அளவில் மருந்திட்டுக் கலக்கிப் பார்த்தே முடிவு செய்கின்றனர்.

குடத்தின் உட்புறத்தில் தேற்றாங்கொட்டையைத் தேய்த்துக் கலங்கல் நீரைத் தெளியவைத்த நம் முன்னோரும் திரளச் செய்யும் இவ்வுத்தியை அறிந்திருந்தனர். தேற்றுதல் என்றாலே தெளிவித்தல்தானே!

ஆயினும் தெளிவு வேறு, தூய்மை வேறு. வகுப்பில் பஞ்சும் மணலும் கொண்டு வடித்த நீரில் உயிர்ப்படலத்தின் காவல் இல்லை, கிருமிநீக்கமும் இல்லை. ஆகவே, சோதனையைச் செய்துகாட்டுங்கள். அந்நீரை அருந்தலாகாது என்பதையும் காரணத்தோடு கற்பியுங்கள்.