கிளாரா டேவிசின் குழந்தை உணவு ஆய்வு

பால்குடி மறந்த குழந்தைகளைத் தம் உணவைத் தாமே தேர்ந்தெடுக்க விட்டால் என்ன ஆகும் என்பதை அறிய, அமெரிக்கக் குழந்தை நல மருத்துவர் கிளாரா மேரி டேவிஸ் 1926ஆம் ஆண்டில் ஓர் ஆய்வைத் தொடங்கினார். சாப்பிட அடம்பிடிக்கும் குழந்தைகளைப் பற்றிய பேச்சில் இந்த ஆய்வு இன்றும் எடுத்துக்காட்டப்படுகிறது. ஆனால் பெரும்பாலும் அதன் ஒரு பாதி மட்டுமே சொல்லப்படுகிறது.

பின்னணி

19ஆம் நூற்றாண்டின் இறுதியில் அமெரிக்க மருத்துவர்கள் குழந்தைக்கு எதை, எவ்வளவு, எத்தனை மணிக்கு ஊட்டவேண்டும் என்று வரையறுத்துக் கூறத் தொடங்கினர். எம்மெட் ஹோல்ட் 1894இல் வினா விடை வடிவில் வெளியிட்ட கையேடு தாய்மாரிடையே பெரிதும் பரவியது. இத்தகைய அட்டவணைகளில் குழந்தையின் பசிக்கு இடம் குறைவு. குறித்த அளவை உண்ண மறுத்த குழந்தையிடம் கெஞ்சலும் மிரட்டலும் தொடர்ந்தன.

ஆய்வு முறை

கிளீவ்லாந்து நகர மருத்துவமனையில் தொடங்கிய ஆய்வு பின்னர் சிகாகோவில் தொடர்ந்தது. மொத்தம் 15 குழந்தைகள்; சேரும்போது வயது 6 முதல் 11 மாதம். வளர்க்க வசதியற்ற தாய்மாரிடமிருந்து வந்த பிள்ளைகளும் இவர்களில் இருந்தனர். இன்று இப்படி ஓர் ஆய்வுக்கு ஒப்புதல் கிடைப்பது அரிது.

பால், முட்டை, ஆட்டிறைச்சி, ஈரல், மூளை, மீன், கோதுமை, ஓட்ஸ், காரட், பீட்ரூட், கீரை, ஆப்பிள், வாழைப்பழம், ஆரஞ்சுச் சாறு எனப் பட்டியலில் 34 வகைகள் இருந்தன. அவற்றில் ஒரு பகுதி ஒவ்வொரு வேளையும் தனித்தனிக் கிண்ணங்களில் தட்டில் வைக்கப்பட்டது. உப்புக்கும் தனிக் கிண்ணம் உண்டு. செவிலி கரண்டியுடன் பேசாமல் அருகில் இருப்பார். குழந்தை ஒரு கிண்ணத்தை நோக்கிக் கை நீட்டினால் மட்டுமே அதிலிருந்து எடுத்து ஊட்டுவார். தின்றதைப் பாராட்டவோ, தின்னாததைக் குறிப்பிடவோ, கையால் அளைவதைத் தடுக்கவோ அவருக்கு அனுமதி இல்லை. குழந்தை நிறுத்தியதும் தட்டு எடுக்கப்படும்.

முடிவுகள்

எந்த இரு குழந்தைகளின் தேர்வும் ஒத்திருக்கவில்லை. ஒரு பிள்ளையின் காலை உணவு ஆரஞ்சுச் சாறும் ஈரலும். இன்னொரு வேளையில் முட்டைகளும் வாழைப்பழமும் பாலும். சில நாள் ஒரே பொருளை விரும்பி உண்டு, பிறகு அதை விட்டுவிடுவதும் உண்டு. எனினும் குழந்தைகள் நல்ல உடல்நலத்துடன் வளர்ந்தனர். ரிக்கெட்ஸ் என்னும் எலும்பு நோயுடன் வந்த ஒரு குழந்தையின் தட்டில் மீன் எண்ணெயும் வைக்கப்பட்டது. நோய் தீரும்வரை அவ்வப்போது அதைக் குடித்த குழந்தை, பிறகு தொடவில்லை.

குழந்தையின் உடலுக்குத் தேவையானது எதுவென அதற்கே தெரியும் என்று இதைப் பலர் விளக்கினர். டேவிசோ, சூட்சுமம் உணவுப் பட்டியலில்தான் உள்ளது என்று 1939இல் வெளியிட்ட கட்டுரையில் விளக்கினார். சர்க்கரையோ பதப்படுத்திய உணவோ பட்டியலில் இல்லை. எதைத் தொட்டாலும் சத்துள்ளதே. தட்டில் வைப்பது பெரியவர் பொறுப்பு, அதிலிருந்து உண்பது குழந்தையின் உரிமை என்பதே ஆய்வின் முழு வடிவம். அமெரிக்க உணவியலாளர் எல்லின் சாட்டர் 1980களில் இதையொத்த பொறுப்புப் பகிர்வைப் பெற்றோருக்கு வகுத்துக் கொடுத்தார். அதற்கு முன்பே, பெஞ்சமின் ஸ்பாக் 1946இல் வெளியிட்ட குழந்தை வளர்ப்பு நூல் டேவிசின் ஆய்வை இல்லங்களுக்குக் கொண்டு சென்றிருந்தது.

பதப்படுத்திய உணவுகளையும் தட்டில் வைத்து அடுத்த ஆய்வை நடத்த டேவிஸ் எண்ணியிருந்தார். பொருளாதாரப் பெருமந்தத்தால் பணம் கிடைக்காமல் அது நடைபெறவில்லை.