நடைபாதைப் பாடம்: கரியாஹாட் நாய்களும் நன்னடத்தைப் பயிற்சியும்

தெற்குக் கொல்கத்தாவில் ராஷ்பிகாரி அவென்யூவும் கரியாஹாட் சாலையும் சந்திக்கும் நாற்சந்தியில், நாய்களுக்குப் பாடம் நடக்காத நேரமே இல்லை. சந்தைக்குள் மீன் நறுக்குபவர் செதிலையும் குடலையும் ஒதுக்கி எறிகிறார். சேலைக்கடைக்காரர், விரித்த சரக்கின்மேல் கால் வைக்க வந்த நாயைக் குடைக்காம்பால் விரட்டுகிறார். தேநீருக்கு நிற்பவர் பிஸ்கட்டைப் பிய்த்துப் போடுகிறார். அந்த நாயைப் பொறுத்தவரை மூவரும் பயிற்சியாளர்கள். எங்கே படுக்கலாம், யாரை நெருங்கலாம், எந்தக் கை எதற்காக ஓங்கும் என்பதையெல்லாம் அது இவர்களிடமிருந்தே கற்கிறது.

அடிக்காமல், பரிசு கொடுத்துப் பழக்கும் முறையை நம்மவர்கள் பெரும்பாலும் பணக்கார வீட்டு நாய்களுக்குரிய சொகுசாகவே பார்க்கிறார்கள். பாலிகஞ்ச் அடுக்குமாடியில் வளரும் லாப்ரடாருக்கு அது பொருந்தலாம், தெருநாய்க்குக் கம்புதான் புரியும் என்பது பரவலான நம்பிக்கை. மேற்கு வங்கத் தெருக்களிலேயே திரட்டப்பட்ட சான்றுகள் இந்த நம்பிக்கைக்கு எதிராகவே நிற்கின்றன என்பது இக்கட்டுரையின் வாதம்.

சான்றுகளில் பெரும்பகுதி ஓர் ஆய்வுக்கூடத்திலிருந்து வருகிறது. இந்திய அறிவியல் கல்வி மற்றும் ஆராய்ச்சி நிறுவனத்தின் கொல்கத்தா வளாகம் நதியா மாவட்டத்து மோகன்பூரில் இருக்கிறது. அங்கே அனிந்திதா பத்ராவும் அவருடைய மாணவர்களும் பல ஆண்டுகளாகத் தெருநாய்களை அவற்றின் இடத்திலேயே வைத்து ஆராய்ந்து வருகிறார்கள். கூண்டு இல்லை, கழுத்துப்பட்டை இல்லை. பிடிக்காவிட்டால் நாய் எழுந்து போய்விடலாம். வளர்ப்பு நாய்களை அறைக்குள் வைத்துச் செய்யும் மேலைநாட்டுச் சோதனைகள் பலவற்றில் இந்தச் சுதந்திரம் கிடையாது. அதனாலேயே இம்முடிவுகளுக்குத் தனி எடை உண்டு.

2017-இல் டெபொத்தம் பட்டாச்சார்ஜி முதலானோருடன் சேர்ந்து பத்ரா வெளியிட்ட ஆய்வு, அறிமுகமில்லாத மனிதரிடம் தெருநாய் எப்படி நம்பிக்கை கொள்கிறது என்று கேட்டது. முதல் சந்திப்பில் நாய்கள் கையிலிருந்த உணவைத் தவிர்த்து, தரையில் வைத்ததையே எடுத்தன. அந்நியரின் தொடுகையை அவை அவ்வளவு அஞ்சின. அதே மனிதர் திரும்பத் திரும்ப வந்தபோது நிலைமை மாறியது. சில நாய்களுக்கு உணவு கிடைத்தது, சிலவற்றுக்குத் தலையில் மெல்லிய தடவல் கிடைத்தது. நம்பிக்கையை வளர்த்ததில் உணவைவிடத் தடவலே முந்தியது. அமெரிக்காவில் ஃபாயர்பாகரும் வினும் செய்த சோதனைகளில் நாய்கள் பெரும்பாலும் தடவலைவிட உணவையே தேர்ந்தன என்பதோடு இதை ஒப்பிட வேண்டும். இரண்டு சோதனைகளும் ஒரே கேள்வியைக் கேட்கவில்லை. ஆகவே ஒன்று மற்றொன்றைப் பொய்யாக்கிவிடாது. ஆனால் எச்சில் இலையும் மீன்கழிவும் எப்படியோ கிடைத்துவிடும் தெருவில், அன்பான கைதான் அரிய பொருள் என்று ஊகிக்க இடமுண்டு.

2018-இல் வந்த மற்றோர் ஆய்வில், ஒருவர் நாயிடம் நட்பாக நடந்தார், அல்லது கையை ஓங்கினார், அல்லது கம்பைக் காட்டினார். ஓங்கிய வெறுங்கைக்கும் கம்புக்கும் உள்ள வேறுபாட்டை நாய்கள் கண்டுகொண்டு அதற்கேற்ப விலகின. ஆக, கம்பு புரிகிறது என்பதில் ஐயமில்லை. ஆனால் அதிலிருந்து நாய் கற்பது விலகுவதை மட்டுமே. சேலைமேல் படுக்காதே, சுவரோரமாகப் படுத்துக்கொள் என்ற இரண்டாம் பாதியைக் கம்பால் சொல்ல முடியாது.

இன்னும் கூர்மையான சான்று 2020-இல் வெளியானது. பயிற்சியே பெறாத 160 தெருநாய்கள்முன் இரண்டு கிண்ணங்களை வைத்து, ஒருவர் ஒன்றை நோக்கிக் கை காட்டினார். ஏறத்தாழ பாதி நாய்கள் எந்தக் கிண்ணத்தையும் நெருங்கவில்லை. நெருங்கியவற்றில் சுமார் 80 விழுக்காடு கை காட்டிய திசையைச் சரியாகப் பின்பற்றின. இந்த எண்களை அறிவுத்திறன் பற்றியவையாக மட்டும் படிப்பது போதாது. மனிதக் குறிப்பை உணரும் ஆற்றல் தெருவிலேயே இருக்கிறது. அதைப் பயன்படுத்தவிடாமல் பாதி நாய்களைத் தடுத்தது அச்சமாகவே தெரிகிறது. எனவே எந்தப் பயிற்சியும் கட்டளையில் தொடங்குவதற்கு முன் துணிவில் தொடங்க வேண்டியிருக்கிறது. இதே குழுவின் வேறொரு சோதனையில், வெற்றுக் கிண்ணத்தைக் காட்டி ஏமாற்றியவரின் குறிப்பை வளர்ந்த நாய்கள் மறுமுறை அவ்வளவாக மதிக்கவில்லை. பிஸ்கட் காட்டிக் கூப்பிட்டுக் கையை மறைத்துக்கொள்ளும் வேடிக்கைக்காரர்கள் இதைக் கவனிப்பது நல்லது.

துணிவு விதைக்கப்படும் காலம் குறுகியது. 1965-இல் ஸ்காட்டும் ஃபுல்லரும் தங்கள் நூலில் வரையறுத்தபடி, மூன்றாம் வாரம் முதல் பன்னிரண்டாம் வாரம் வரையிலான பருவத்தில் கண்டு பழகியவையே நாய்க்கு இயல்பானவை ஆகின்றன. தெருக்குட்டிக்கு அந்தப் பருவம் எப்படிக் கழிகிறது? பத்ராவும் மானபி பாலும் 2016-இல் வெளியிட்ட கணக்கின்படி, 95 ஈற்றுகளில் பிறந்த 364 குட்டிகளில் 19 விழுக்காடு மட்டுமே இனப்பெருக்க வயதை எட்டின. இறப்புகளில் 63 விழுக்காட்டுக்கு நேராகவோ மறைமுகமாகவோ மனிதர்கள் காரணம். தப்பிப் பிழைத்த நாய் மனிதரைக் கண்டு ஒதுங்கினால் அதில் வியப்பென்ன?

அடுக்குமாடிக்குள் போனால் சிக்கல் வேறு உருவம் எடுக்கிறது. அங்கே கம்புக்குப் பதில் கழுத்தை இறுக்கும் சங்கிலி. அதற்குத் துணையாக, நாய்க்குத் தலைவன் யார் என்று காட்ட வேண்டும் என்ற கொள்கை. அக்கொள்கையின் வேர், 1947-இல் ருடால்ஃப் ஷெங்கல் அடைபட்ட ஓநாய்களைப் பார்த்து எழுதியது. ஓநாய் ஆய்வாளர் டேவிட் மெக் 1999-இல், காட்டு ஓநாய்க் கூட்டம் பெற்றோரும் பிள்ளைகளும் சேர்ந்த குடும்பமே என்று காட்டி அந்தச் சித்திரத்தைக் கலைத்துவிட்டார். பயிற்சியாளர்கள் சிலருக்கு மட்டும் செய்தி இன்னும் போய்ச் சேரவில்லை.

போர்ச்சுகலில் வியெரா த காஸ்ட்ரோ குழுவினர் 92 வளர்ப்பு நாய்களை ஆராய்ந்து 2020-இல் வெளியிட்ட முடிவு இங்கே பொருத்தமானது. தண்டனை மிகுந்த பயிற்சிப் பள்ளிகளின் நாய்கள், பரிசு முறைப் பள்ளிகளின் நாய்களைவிட அதிக மன அழுத்த அறிகுறிகளைக் காட்டின. பயிற்சிக்குப் பின் அவற்றின் உமிழ்நீரில் கார்ட்டிசால் கூடியிருந்தது. கிண்ணத்தில் உணவு உண்டா இல்லையா என்று தெளிவாகத் தெரியாத இடத்தில், கடுமையான தண்டனைக்குள்ளானவை இருக்காது என்று எண்ணியவைபோல் தயங்கின.

கரியாஹாட்டில் இதற்கெல்லாம் ஆண்டுத் தேர்வு இலையுதிர் காலத்தில் வருகிறது. துர்கா பூஜையின்போது ஏக்டாலியா எவர்கிரீன், சிங்கி பார்க் பந்தல்களுக்கு வரும் கூட்டம் நாய்களின் நடைபாதையைப் பறித்துக்கொள்கிறது. அது ஓய்ந்ததும் காளி பூஜை வெடி. நடுங்கும் நாயைத் தேற்றினால் பயம் கூடிவிடும் என்று பல வீடுகளில் சொல்வார்கள். ஸ்டெஃபனி ரீமர் 2020-இல் வெளியிட்ட ஆய்வில், ஒவ்வொரு வெடிக்கும் பின்னால் உடனே தின்பண்டமோ விளையாட்டோ தந்த வளர்ப்பாளர்களில் 70 விழுக்காட்டுக்கு மேற்பட்டோர் அது பயனளித்ததாகச் சொன்னார்கள். வளர்ப்பாளர்களே சொன்ன கணக்கு என்பதால் அளவோடு நம்ப வேண்டும். ஆனாலும் செலவில்லாத வழி, தீங்கும் இல்லை.

எதிர்வாதத்தைத் தட்டிக்கழிக்க முடியாது. கடிபட்ட குழந்தையின் தாயிடம் போய் நாயைத் தடவிக்கொடு என்று சொல்வது கொடுமை. வெறிநோயைத் தடுப்பது தடுப்பூசியே. பெருக்கத்தைக் கட்டுப்படுத்துவது கருத்தடையே. பயிற்சி இவற்றுக்கு மாற்றாகாது. முன்பின் அறியாத தெருநாயைத் தொடும்படி மேற்சொன்ன ஆய்வுகளும் யாருக்கும் அறிவுரை கூறவில்லை. அவற்றிலிருந்து நியாயமாகப் பெறக்கூடியது இவ்வளவே: மனிதர் ஒரே மாதிரி நடந்துகொண்டால் நாயும் ஒரே மாதிரி நடந்துகொள்ளும்.

இந்த வெளிச்சத்தில் 2023-ஆம் ஆண்டின் விலங்குப் பிறப்புக் கட்டுப்பாட்டு விதிகளைப் படித்தால், அவற்றின் உணவளிப்புப் பிரிவு ஒரு பயிற்சித் திட்டமாகவே தோன்றுகிறது. மாடிப்படி, கட்டட வாயில், குழந்தைகள் விளையாடும் இடம் ஆகியவற்றை விட்டு விலகிய குறித்த இடம்; குழந்தைகளும் முதியோரும் அதிகம் நடமாடாத குறித்த நேரம். 2025 ஆகஸ்ட் 22-ஆம் நாள் உச்ச நீதிமன்றமும் குறித்த இடங்களில் மட்டுமே உணவளிக்க வேண்டுமென்றது. விலங்கு நேயர்கள் பலர் இதைத் தடையாகப் பார்க்கிறார்கள். பழக்கவியல் நோக்கில் பார்த்தால் தெருவில் கிடைக்கக்கூடிய மிகச் சிறந்த பாடம் இதுதான். கண்ட இடத்தில் எப்போதாவது விழும் பிஸ்கட், வருவோர் போவோரையெல்லாம் பின்தொடர நாயைப் பழக்குகிறது. நேரம் தவறாமல் ஒரே மூலையில் கிடைக்கும் சோறு, அந்த மூலையில் காத்திருக்கப் பழக்குகிறது.

எனவே கரியாஹாட்டின் கடைக்காரர்களும் குடியிருப்போரும் மாநகராட்சியும் சேர்ந்து, பாதைவழியைவிட்டு விலகிய சில மூலைகளை உணவிடங்களாகக் குறிக்க வேண்டும். கருத்தடைக்கும் தடுப்பூசிக்கும் நாய்களைப் பிடிக்க வருபவர்களும் அங்கிருந்தே தொடங்கலாம். அடுத்த பூஜைக் கூட்டம் வருவதற்குள் இதைச் செய்து முடிப்பது நல்லது.